இருபுரியும் ஒற்றைப்புரியும்

திருப்பூரில் நூலோடு பழகியோர்க்குப் புரியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. முறுக்கேறிய ஒற்றை நூலைத் தளரவிட்டால் அது சுருண்டு தன்மீதே பின்னிக்கொள்ளும். இரண்டைச் சேர்த்து முறுக்கினால் உறுதியாய் நிற்கும். உயிரணுவுக்குள்ளும் இவ்விரு வகை இழைகள் உள. டி.என்.ஏ. இருபுரி, ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றைப்புரி. இவற்றின் வேறுபாட்டை இங்கே காண்போம்.

ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஆய்வகத்து எக்ஸ் கதிர்ப் படங்களின் துணைகொண்டு, வாட்சனும் கிரிக்கும் 1953ஆம் ஆண்டு டி.என்.ஏ.யின் அமைப்பை வெளியிட்டனர். சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த இரு இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓடி, வலப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன. உட்புறத்தில் அடினின் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் இணைகின்றன. ஆதலின் ஓர் இழையைக் கண்டால் மற்றதை எழுதிவிடலாம். புரியின் குறுக்களவு சுமார் 2 நானோமீட்டர். எனினும் மனித உயிரணு ஒன்றிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும்.

ஆர்.என்.ஏ.யிலும் இதே கட்டுமானந்தான். ஆனால் அதன் சர்க்கரையாகிய ரைபோசில் ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாக உண்டு. அது நீங்கிய சர்க்கரையே டி.என்.ஏ.யின் டீஆக்சிரைபோஸ். இச்சிறு வேறுபாட்டின் விளைவோ பெரிது. துணியைச் சலவைக்கு முன் வேகவைக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஆர்.என்.ஏ.யை இட்டால், அந்தக் கூடுதல் ஆக்சிஜன் அருகிலுள்ள பாஸ்பேட்டைத் தாக்க, இழை துண்டு துண்டாகிவிடும். டி.என்.ஏ.யின் இரு புரிகளும் பிரியுமேயன்றி இழை அவ்வாறு அறுவதில்லை. அரியானாவின் ராக்கிகடியில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து டி.என்.ஏ.யைப் படித்து, 2019இல் ஆய்வாளர்கள் வெளியிட இயன்றது இவ்வுறுதியினாலேயே.

மற்றொரு வேறுபாடு, தைமினுக்கு மாற்றாக ஆர்.என்.ஏ.யில் யுராசில் நிற்பது. சைட்டோசின் சில வேளை தானே சிதைந்து யுராசிலாகிவிடும். டி.என்.ஏ.யில் யுராசிலுக்கு இடமில்லையாதலால், அதனைப் பிழையெனக் கண்டு நீக்கும் ஏற்பாடு உயிரணுவில் உண்டு. பரம்பரைக்குச் செல்லும் மூலம் பிழையற்றிருக்க வேண்டுமன்றோ!

அப்படியாயின் ஆர்.என்.ஏ. குறைபாடுடையதா? அன்று. செய்தி ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.யின் ஒரு பகுதியைப் படியெடுத்துச் சென்று, வேலை முடிந்ததும் அழிகிறது. அழியாவிடில் தேவையற்ற புரதம் உருவாகிக்கொண்டே இருக்கும். மேலும், தன்மீதே மடங்கும் ஒற்றைப்புரியாதலால் அது கருவியாகவும் இயங்க வல்லது. புரதத்தைக் கோக்கும் ரைபோசோமின் மையத்தில் அவ்வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ.யே. ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்தமைக்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டோருள், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனும் ஒருவர்.

2020இல் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்கள் பலவும் முகக்கவசம் தைக்கத் தொடங்கின. அந்நாளில் உலகை முடக்கிய கொரோனா நச்சுயிரி, சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழையையே தன் மூலமாகக் கொண்டது. நம் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்து அனுப்பியது, எளிதில் சிதையும் அவ்விழையைக் காக்கவே. ஆய்வகத்தில் முதலில் அதனை டி.என்.ஏ.யாகப் படியெடுத்து, பின்னரே பல மடங்கு பெருக்கிக் கண்டறிந்தனர். நோயுண்டா இல்லையா என வீடுதோறும் அஞ்சிக் காத்திருந்த அம்முடிவு, இவ்விரு இழைகளின் வேறுபாட்டை அறிந்ததனால் கிடைத்ததேயாகும்.