குட்வில் எஸ்டேட்டில் கணக்கில் வராத சொத்துகள்

வணிகவியல் படித்தவர்களுக்கு 'நற்பெயர்' என்பது பாடப்புத்தகத்தின் ஓர் இயல். ஒரு நிறுவனத்தின் கட்டடம், இயந்திரம், சரக்கு, கையிருப்பு ரொக்கம் ஆகிய அனைத்தையும் மதிப்பிட்ட பின்னரும், அதனை வாங்க வருபவர் கூடுதலாக ஒரு தொகை தர முன்வருகிறார் எனில், அந்தக் கூடுதல் தொகையே நற்பெயரின் விலை. ஆங்கிலத்தில் அதற்குக் 'குட்வில்' என்று பெயர். சராசரி இலாப முறை, உயர் இலாப முறை, மூலதனமாக்கல் முறை என்று அதனைக் கணக்கிடும் வழிகளை மனப்பாடம் செய்து தேர்வெழுதிய நாங்கள், அதே பெயரைத் தாங்கிய ஓரிடத்தில் குடியேறுவோம் என்று அன்று எண்ணியதில்லை. அந்தமான் தலைநகரின் குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று குட்வில் எஸ்டேட். பணிமாறுதல் எங்களை அங்கே கொண்டு சேர்த்தது.

தலைநகர் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. போர்ட் பிளேர் என்ற பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றி அறிவிக்கப்பட்டது. படிவத்தில் எழுதும்போது கை புதிய பெயரை எழுதுகிறது. ஆட்டோவில் ஏறும்போது வாய் பழைய பெயரைச் சொல்கிறது. பழக்கம் என்பது அரசிதழைப் படித்துவிட்டு மாறுவதில்லை.

நற்பெயரைப் பற்றி இன்னொரு விதியும் உண்டு. விலை கொடுத்து வாங்கிய நற்பெயரை மட்டுமே ஏடுகளில் பதியலாம். தானாக உருவான நற்பெயரைப் பதிய இயலாது. மனிதர்களின் அன்றாடப் பழக்கங்களும் அத்தகையவையே. அவை நாள்தோறும் வருவாய் ஈட்டுகின்றன அல்லது செலவு வைக்கின்றன. எந்த ஏட்டிலும் இடம்பெறுவதில்லை. தீவு வாழ்க்கை எங்களுக்குப் பழக்கிவிட்ட சில விந்தைகளை இங்கே பதிந்து பார்க்கிறோம். வாசகர்கள் தங்கள் வீட்டுப் பழக்கங்களை இவற்றோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சூரியன் முந்திக்கொள்ளும் ஊர்

இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. எங்கள் ஊரோ ஏறத்தாழ 92.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் எனக் கணக்கிட்டால், இங்கே சூரியன் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 40 நிமிடம் முந்திச் செல்கிறது. மே மாத இறுதியில் காலை ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் எழுந்துவிடும். நவம்பர் இறுதியில் மாலை ஐந்து மணிக்கு முன்பே மறைந்தும்விடும். 1906 சனவரி 1 அன்று இந்திய நேரம் நடைமுறைக்கு வரும்வரை போர்ட் பிளேருக்கெனத் தனி நேரமே இருந்தது. மதராஸ் நேரத்தைவிட அது 49 நிமிடம் 51 விநாடி முந்தியது. அந்த 51 விநாடியையும் விடாமல் கணக்கில் சேர்த்தவர் நிச்சயமாக எங்கள் தொழிலுக்கு ஏற்றவர்.

கடிகாரம் மாறியபோதும் உடம்பு பழைய நேரத்தையே கடைப்பிடிக்கிறது. விடியும் முன்னே எழுகிறோம். இரவு ஏழு மணிக்கெல்லாம் சாப்பிட்டு முடிக்கிறோம். தொலைபேசியில் பேசும் அம்மா, "இங்கே இப்போதுதான் விளக்கு வைத்தோம், அதற்குள் உங்களுக்குச் சாப்பாடு முடிந்துவிட்டதா?" என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறார். கிளையைத் திறக்கும்போது வாசலில் நிற்கும் வாடிக்கையாளரை அவசரக்காரர் என்று புதிதாக வரும் அலுவலர் எண்ணக்கூடும். அவரோ எழுந்து ஐந்து மணி நேரம் ஆகிவிட்டவர். அவருடைய கணக்கில் தாமதமாக வந்தவர்கள் நாங்களே.

அசாமின் தேயிலைத் தோட்டங்கள் இந்திய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முந்திய 'பாகான் நேரம்' ஒன்றைப் பின்பற்றுவது பலரும் அறிந்ததே. 2018-இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் நாட்டுக்கு இரண்டு நேர மண்டலங்கள் வேண்டும் என்று முன்மொழிந்து, வடகிழக்கு மாநிலங்களோடு அந்தமான் நிக்கோபாரையும் கிழக்கு மண்டலத்தில் சேர்த்தனர். அது நடைமுறைக்கு வரவில்லை.

எங்கள் வீட்டில் அதற்கு முன்பே ஒரு நேர மண்டலம் இயங்கி வருகிறது. சுவர்க்கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்திருக்கிறோம். தள்ளி வைத்திருப்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரியும்; ஆகவே பத்து நிமிடத்தைக் கழித்துக்கொண்டே ஒவ்வொருவரும் நேரம் பார்க்கிறோம். கணக்கியலில் எதிர்ப்பதிவு என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு. மொத்தத்தில் மாற்றம் ஏதுமில்லை.

நிரம்பிய வாளி

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இத்தீவுக்கு உண்டு. ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னை பெறுவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆயினும் மழை ஓய்ந்த மாதங்களில், நகருக்குக் குடிநீர் தரும் தனிக்காரி அணையின் நீர்மட்டம் குறையும். குழாயில் தண்ணீர் முறைவைத்தே வரும். எனவே குடையை மறக்காமல் எடுத்துச் செல்வதும், காலிப் பாத்திரத்தைக் கண்டால் நிரப்பி வைப்பதும் இங்கு ஒருங்கே வளரும் பழக்கங்கள். விடுமுறைக்குச் சென்னை சென்று விடுதியில் தங்கினாலும், படுக்கும் முன் குளியலறை வாளியை நிரப்பி வைத்துவிட்டே உறங்குகிறோம். குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வரும் என்று விடுதிப் பணியாளர் உறுதி கூறினாலும் மனம் கேட்பதில்லை.

இதில் நகைப்புக்கு இடமிருக்கிறது, படிப்பினைக்கும் இடமிருக்கிறது. நாளை தண்ணீர் வராது என்று அஞ்சி வாளியை நிரப்பும் நம்மில் எத்தனை பேர், வரும் மாதம் சம்பளம் வராது போனால் என்ன செய்வது என்று எண்ணி ஒரு வைப்புத்தொகையை நிரப்பி வைத்திருக்கிறோம்? மூன்று முதல் ஆறு மாதக் குடும்பச் செலவுக்கு ஈடான தொகையை எளிதில் எடுக்கத்தக்க கணக்கில் வைத்திருப்பது நலம் என்று நிதி ஆலோசகர்கள் கூறுவர். அதற்குப் புதிய பழக்கம் எதுவும் தேவையில்லை. வாளிக்குச் செய்வதைக் கணக்குக்கும் செய்தால் போதும்.

எண்ணுவது தாய்மொழியில்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வங்காளம் பேசுவோர் ஏறத்தாழ 28 விழுக்காடு, இந்தி பேசுவோர் 19 விழுக்காடு, தமிழ் பேசுவோர் 15 விழுக்காடு, தெலுங்கு பேசுவோர் 13 விழுக்காடு. எல்லாருக்கும் பொதுவான பேச்சு இந்துஸ்தானி. காசாளரிடம் இந்தியில் நலம் விசாரித்துப் பணத்தை வாங்குபவர், சற்று விலகி நின்று எண்ணத் தொடங்கியதும் உதடுகள் தாய்மொழிக்குத் திரும்பிவிடுகின்றன. பணம் எண்ணும் இயந்திரம் இரண்டு முறை எண்ணிக் காட்டிய கட்டையும் விரலை நனைத்து மூன்றாம் முறை எண்ணாமல் நகர்பவர் அரிது. இதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. காசாளரின் மீதுள்ள ஐயத்தினால் அன்று. தம் பணத்தின் மீதுள்ள பரிவினால் எண்ணுகிறார்கள்.

ஐந்நூறு ரூபாய் நோட்டை மாற்றத் தயங்குவதும் பலருக்குள்ள குணம். மாற்றிவிட்டால் மாலைக்குள் மிச்சம் இராது என்பது பாட்டிமார் அறிந்த உண்மை. பிரியா ரகுபீர், ஜாய்தீப் ஸ்ரீவஸ்தவா என்ற இரு பேராசிரியர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே கூறியது: ஒரே தொகையைச் சில்லறையாக வைத்திருப்பவர்களைவிடப் பெரிய நோட்டாக வைத்திருப்பவர்கள் செலவழிக்கத் தயங்குகிறார்கள். பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு டப்பா, பண்டிகைக்கு ஒரு டப்பா என்று பணத்தைப் பிரித்து வைக்கும் வழக்கத்துக்கு 'மனக்கணக்கு' எனப் பொருள்படும் பெயரிட்டு ஆராய்ந்த ரிச்சர்ட் தேலர் 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். நம் வீட்டுச் சமையலறை அலமாரிக்கு அந்தப் பரிசு வரவில்லை என்பது மட்டுமே குறை.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே கடலடியில் பதிக்கப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பின் வேகத்துக்கு ஏற்பப் பொறுத்திருந்த கைப்பேசிகள் விரைவு பெற்றன. இன்று மீன் விற்பவரிடமும் இளநீர் விற்பவரிடமும் கியூஆர் அட்டை இருக்கிறது. வசதி பெரிது. ஆனால் ஐந்நூறு ரூபாய் நோட்டு என்னும் வேலி அதில் இல்லை. மாற்றத் தயங்குவதற்குக் கையில் நோட்டே இல்லை. ஆகவே வேலியை நாமே வேறிடத்தில் அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சம்பளம் வரும் நாளிலேயே தொடர் வைப்புக் கணக்குக்குத் தானாகச் செல்லும் தொகை, மாற்றப்படாத பெரிய நோட்டின் இக்கால வடிவம்.

மாதந்தோறும் பாஸ்புத்தகத்தில் பதிவு செய்துகொள்ள வரும் மூத்த குடிமக்களைக் கண்டு இளையவர்கள் புன்னகைப்பதுண்டு. மூக்குக்கண்ணாடியை அணிந்து, வரி வரியாக விரலை ஓட்டி, "இந்த 118 ரூபாய் எதற்குப் பிடித்தீர்கள்?" என்று கேட்பவர்கள் அவர்களே. அறியாத பற்று ஒன்று கணக்கில் வந்தால் முதலில் கண்டுபிடிப்பவர்களும் அவர்களே. மோசடியில் இழந்த பணம் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் எத்தனை விரைவில் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிக்காமலே நீக்கும் பழக்கமுள்ளவர்கள் இம்மூத்தோரின் விரலைச் சற்று இரவல் வாங்கலாம்.

அடுத்த கப்பல்

சென்னையிலிருந்து இங்கே கடல்வழி ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கப்பல் வந்துசேர மூன்று நாள் அளவு ஆகும். வானிலை சரியில்லையெனில் புறப்படுவதே தள்ளிப்போகும். கேட்ட பொருள் கடையில் இல்லாதபோது கடைக்காரர் "அடுத்த கப்பலில் வரும்" என்பார். கேட்டவரும் மறுபேச்சின்றித் திரும்புவார். இந்தப் பொறுமை தீவு தந்த பெருஞ்செல்வம். வரிசையில் நிற்பவர்கள் இங்கே அரிதாகவே முணுமுணுக்கிறார்கள். வங்கி அலுவலர்கள் இதைவிட மேலான வாடிக்கையாளர்களை விரும்ப முடியாது.

ஆனால் அதே பொறுமை வேறொரு மேசையில் பற்றுப் பக்கத்துக்குச் சென்றுவிடுகிறது. "உங்கள் கணக்கில் வாரிசு நியமனம் செய்யப்படவில்லையே, இன்றே செய்துவிடலாமா?" என்று கேட்டால், "அடுத்த முறை வரும்போது பார்ப்போம்" என்ற விடை வருகிறது. அதே முகம், அதே நிதானம், கடைக்காரரிடம் காட்டும் அதே புன்னகை. கடைக்குச் சரக்கு அடுத்த கப்பலில் வந்துவிடும். நியமனம் செய்யாமலே ஒருவர் மறைந்துவிட்டால், அவருடைய மனைவி மக்கள் சான்றிதழ்களுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். அதற்குள் கடலைக் கடந்து மெயின்லேண்டுக்கும் போய்வர வேண்டியிருக்கலாம். துயரத்தில் இருக்கும் குடும்பத்தை இன்னொரு கையொப்பத்துக்காகத் திருப்பி அனுப்புவது எங்கள் பணியில் கடினமான பகுதி.

பத்து ஆண்டுகள் உரிமை கோரப்படாத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. பணம் பறிபோவதில்லை, உரியவர்கள் வங்கியை அணுகிப் பெறலாம். ஆனால் அப்படி ஒரு கணக்கு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அவற்றைத் தேடுவதற்கென 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. மேலும் 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்க இயலும். யாருக்கு எத்தனை விழுக்காடு என்றும் குறிப்பிடலாம். மூத்த மகனா, இளைய மகளா என்ற தயக்கத்தினால் படிவத்தை மடித்துப் பையில் வைத்தவர்களுக்கு இனி அந்தக் காரணமும் இல்லை.

66 நாள்

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது பழமொழி. ஆயினும் புதிய பழக்கம் ஒட்டாமல் போவதில்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று கண்டனர். சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டனர். இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரும் பாதகமில்லை என்பது அவ்வாய்வு தந்த ஆறுதல். ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு புதியதை முடிந்து வைப்பது எளிய வழி. காலைக் காபி ஆறும் நேரத்தில் முந்தைய நாள் குறுஞ்செய்திகளைப் படிக்கலாம். வாளியை நிரப்பும்போது சேமிப்பை நினைக்கலாம். பாஸ்புத்தகத்தில் பதிவு செய்ய வரும் நாளில் நியமனத்தைச் சரிபார்க்கலாம்.

நிதியாண்டு முடிவில் நாங்கள் ஏடுகளைச் சரிபார்ப்பதுபோல், ஆண்டுக்கு ஒருமுறை பழக்கங்களையும் சரிபார்ப்பது நன்று. எல்லாவற்றையும் மாற்றவேண்டியதில்லை. எது வரவுப் பக்கம் நிற்கிறது, எது பற்றுப் பக்கம் சென்றுவிட்டது என்று தெரிந்தால் போதும். வாரிசு நியமனப் படிவம் ஒரே ஒரு பக்கம்; நிரப்ப ஐந்து நிமிடம் ஆகும். எங்கள் சுவர்க்கடிகாரத்தில் மிகுதியாக ஓடும் பத்து நிமிடத்தில் இரண்டு படிவம் நிரப்பலாம். அந்தக் கடிகாரத்தை மட்டும் திருத்துவதாக இல்லை.