எதன்மேல் ஐந்து?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தேநீர்க் கடை வைத்திருக்கும் அப்பா, கடை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கையில் "ஐந்து விழுக்காடு கூடுதல்" என்றால் தலையாட்டிக் கையெழுத்திடுவார். எதன்மேல் ஐந்து என்று கேட்டதில்லை.

விலைப்புள்ளி தயாரிக்கும் மென்பொருளில் இக்கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. சேல்ஸ்ஃபோர்ஸ் சி.பி.க்யூ.வில், சந்தா புதுப்பிக்கும் விலைக்கு மூன்று முறைகளில் ஒன்றை வாடிக்கையாளர் கணக்கிலேயே குறித்து வைப்பர்.

ஒருவர் 1,000 ரூபாய்ச் சந்தாவைத் தள்ளுபடியில் 800-க்கு வாங்கினார் எனக் கொள்வோம். புதுப்பிக்கும்போது பட்டியல் விலை 1,100. முன்விலை முறையில் அவர் தருவது 800. பட்டியல் விலை முறையில் 1,100. உயர்வு முறையில் 5 விழுக்காடெனில், 800-இன் மேல் 40 சேர்ந்து 840.

பொருள் ஒன்று, ஆள் ஒருவர், விலை மூன்று! ஆகவே நண்பர்களே, விழுக்காட்டை மட்டும் கேளாதீர்கள், அடிவிலையையும் கேளுங்கள். அடுத்த முறை அப்பாவுடன் நானும் போவேன்.