முதுகில் ஒரு மின்சார நிலையம்!

“ஏண்டா, வெயிலைச் சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொள்ளலாமாமே, நிஜமா?”

புதுச்சேரிக்குப் போயிருந்தபோது, முத்தியால்பேட்டையில் என் அக்கா காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டே இப்படிக் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அக்கா வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வீட்டிலிருந்து சுமார் பதினோரு கிலோமீட்டர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பாட்டரி சைக்கிள் வாங்கினாள். 250 வாட் மோட்டார். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. அதனால் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தொல்லை விட்டது. யாரையும் ‘கொண்டுபோய் விடுங்கள்’ என்று கேட்க வேண்டியதும் இல்லை. வாங்கிய நாளில் அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பாட்டரிக்கும் வயசாகும் அல்லவா? புதிதில் 30 கிலோமீட்டர் ஓடிய வண்டி, இப்போது 20 தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஒரு நாள் மாலை நெல்லித்தோப்பு வந்ததும் நின்றே விட்டது. மிதிக்கலாம் என்றால் அவளுக்கு மூட்டு வலி. வண்டியோ 24 கிலோ. பாக்கி மூன்று கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே வந்தாள். மறுநாள் முதல் வீட்டில் ஒரே பேச்சு: “வண்டியை விற்றுவிடு. வேண்டுமானால் வேலையையும் விட்டுவிடு!”

இப்போது சொல்லுங்கள், நேயர்களே, அவள் கேட்டது சிரிக்கிற விஷயமா?

பிரெஞ்சுக்காரர் கண்ட அதிசயம்

வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று முதலில் கண்டவர், ஒரு காலத்தில் புதுச்சேரியை ஆண்டார்களே, அந்தப் பிரான்ஸைச் சேர்ந்தவர்தான். எட்மண்ட் பெக்கரல் என்ற இளைஞர். 1839-ல், பத்தொன்பதாவது வயதில், தகப்பனாரின் ஆராய்ச்சிக் கூடத்தில் இதைக் கண்டுபிடித்தார். ஆனால் அது வீட்டு உபயோகத்துக்கு லாயக்காக நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலை, சிலிக்கானால் செய்த சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டியது. அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதிதான் புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. நம் ஊரின் சுதந்திரமும் சூரிய மின்கலமும் ஒரே வயசு!

அந்த முதல் மின்கலம், தன்மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கைத்தான் மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல பேனல் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஆக்குகிறது.

சரி, சட்டை விஷயத்துக்கு வருவோம். அக்கா கேள்விப்பட்டது பொய்யல்ல. 2013-ல் ஹாலந்து தேசத்து உடை வடிவமைப்பாளர் பாலின் வான் டோங்கன் என்ற பெண்மணி, சூரிய மின்கலங்களை வைத்து ஒரு கோட்டும் ஒரு கவுனும் செய்தார். கோட்டில் 48 கலங்கள், கவுனில் 72. வேண்டாதபோது கலங்களை மடித்து மறைத்துக்கொள்ளலாம். நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் உடுத்தியிருந்தால், கைப்பேசியின் பாட்டரியில் ஏறக்குறைய பாதி நிரம்பும் என்றார்கள்.

கைப்பேசி சரி, சைக்கிள்?

கணக்கு என்ன சொல்கிறது?

பால் கணக்கு, சலவைக் கணக்கு எல்லாம் போடும் சகோதரிகளுக்கு இது பெரிய கணக்கல்ல. ஒரு யூனிட் மின்சாரம் என்றால் 1000 வாட் மணி. அக்காவின் பாட்டரி புதிதில் 360 வாட் மணி கொள்ளும். அரை யூனிட்கூட இல்லை. நம் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி அரை மணிக்குள் சாப்பிட்டுவிடும் மின்சாரத்தில் இந்த வண்டி 30 கிலோமீட்டர் ஓடியது! அதாவது, கிலோமீட்டருக்கு 12 வாட் மணி. இவ்வளவு சொற்பமாகச் சாப்பிடுகிற வண்டிக்கு முதுகு வெயிலே போதாதோ என்ற ஆசை யாருக்கும் வரும்.

எனக்கும் வந்தது. தெரிந்த பாட்டரிக் கடைக்காரர் ஒருவரிடம், வளைகிற ரகத்தில் 20 வாட் பேனல் ஒன்றை இரவல் வாங்கினேன். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம். கூடவே, ஏறுகிற வாட்டைக் காட்டும் ஒரு சின்ன மீட்டர். ஒரு பழைய பள்ளிக்கூடப் பையின் வார்களைப் பிரித்துப் பேனலில் தைத்தோம். தையல் வேலை அக்காவுடையது. நூல் கோத்துக் கொடுத்தது நான்.

இதில் அவளுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. வில்லியனூர் புதுச்சேரிக்கு மேற்கே இருக்கிறது. காலையில் போகும்போது சூரியன் கிழக்கே, அவள் முதுகுப் பக்கம். மாலையில் திரும்பும்போது மேற்கே. அப்போதும் முதுகுப் பக்கம்! இப்படி இரண்டு வேளையும் முதுகில் வெயில் வாங்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டோம். நான் பின்னால் இன்னொரு வண்டியில். மீட்டர் 10 வாட் காட்டியது. இந்திரா காந்தி சிலையைத் தாண்டியதும் திடீரென்று பாதியாகக் குறைந்தது. மேகமும் இல்லை, மரமும் இல்லை. என்ன காரணம் என்கிறீர்கள்? அக்காவின் பின்னல்! காற்றில் புரண்டு பேனலின் மேல் விழுந்திருந்தது. பேனலில் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் உள்ளவர்களும் நிற்க வேண்டியதுதானே? அதேபோல் ஒரு கலத்தில் நிழல் விழுந்தால் கூட்டாளிகளும் படுத்துவிடுகின்றன. பின்னலைக் கொண்டையாக முடிந்ததும் மீட்டர் மறுபடி நிமிர்ந்தது.

போக முக்கால் மணி, வர முக்கால் மணி. இரண்டும் சேர்ந்து கிடைத்தது 15 வாட் மணி. 12-ஆல் வகுத்தால் ஒன்றேகால் கிலோமீட்டர்! நின்றுபோன அன்று அக்காவுக்குக் குறைந்தது மூன்று கிலோமீட்டர். பாதி வழிகூட இந்தச் சட்டை கொண்டுபோய்ச் சேர்த்திராது. அதற்குள் ரவிக்கை முழுவதும் வியர்வை!

உச்சி வெயில் ஏமாற்றும்

“காலை வெயில் போதவில்லை. உச்சி வெயிலில் பார்க்கலாம்” என்றாள் அக்கா. பார்த்தோம். மண்டையைப் பிளக்கும் வெயில். மீட்டரில் மூன்று வாட்!

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. புதுச்சேரி பூமத்திய ரேகைக்கு 12 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டுப் பிற்பாதியிலும் சூரியன் நடுப்பகலில் சரியாக நம் தலைக்கு மேலே நிற்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து சைக்கிள் ஓட்டுகிறவரின் முதுகோ சுவர்போல் செங்குத்து. நடுப்பகல் வெயில் சுவரில் விழுமா? தலையிலும் தோளிலும்தான் விழும். ஹாலந்துபோல் சூரியன் தாழ்வாக வரும் தேசத்தில் உடையில் பேனல் வைப்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு. நம் ஊரில் வெயிலுக்கு முகம் காட்ட வேண்டுமானால் வானத்தைப் பார்த்துப் படுக்க வேண்டும்.

சூரிய சைக்கிளில் கண்டம் கடந்தவர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். 2010-ல் ஃபுளோரியான் பாய்லி என்ற பிரெஞ்சு இளைஞர் சூரிய சைக்கிளில் பிரான்ஸிலிருந்து ஜப்பான் வரை பிரயாணம் செய்தார். பிறகு ‘சன் ட்ரிப்’ என்ற பந்தயத்தையே ஏற்படுத்தினார். 2013-ல் நடந்த முதல் பந்தயம் பிரான்ஸிலிருந்து கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானா வரை. அதில் கலந்துகொண்டவர்கள் பேனலை உடம்பில் மாட்டிக்கொள்ளவில்லை. தலைக்கு மேல் கூரையாகவோ, பின்னால் இழுக்கும் வண்டியிலோ பரப்பி வைத்தார்கள். நம் தெருவில் அப்படிக் கூரை போட்டு ஓட்டினால் கடற்காற்று ஆளையே தள்ளிவிடும் என்பது வேறு விஷயம்!

சட்டையைக் கழற்று!

அன்று இரவு அக்கா கேட்ட கேள்விதான் எங்கள் கண்ணைத் திறந்தது. “நான் வண்டியில் இருப்பது ஒன்றரை மணி. வண்டி பள்ளிக்கூடத்தில் சும்மா நிற்பது ஏழு மணி. ஏழு மணி வெயிலை விட்டுவிட்டு ஒன்றரை மணி வெயிலை ஏன் துரத்துகிறோம்?”

அதே பேனல். அதே 20 வாட். முதுகிலிருந்து கழற்றி, சைக்கிள் கொட்டகையின் கூரைமேல் வானத்தைப் பார்க்க வைத்தால் என்ன? தலைமை ஆசிரியையிடம் அனுமதி கேட்டாள். “பள்ளிக்கூடப் பிளக்கிலேயே சொருகிக்கொள்ளுங்களேன், டீச்சர்” என்றார் அந்த அம்மாள். அக்காவுக்கு மனசு வரவில்லை. பொது மின்சாரத்தைச் சொந்த வண்டிக்கு எடுப்பதா? கூரைக்கு மட்டும் அனுமதி பெற்றாள்.

முதல் நாள் மாலை மீட்டர் காட்டிய கணக்கு 70 வாட் மணி. கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர்! முதுகு கொடுத்ததைப்போல் நான்கு மடங்குக்கு மேல். இரவல் பேனலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டாள்.

ஒரு ஜாக்கிரதை, நேயர்களே! பேனல் கம்பியை நேரே பாட்டரியில் முறுக்கிவிடாதீர்கள். 36 வோல்ட் லித்தியம் பாட்டரி நிரம்பும்போது 42 வோல்ட் வரை போகும். சின்ன பேனல் தருவதோ அதில் பாதிக்கும் குறைவு. வோல்டை உயர்த்தி, நிரம்பியதும் நிறுத்தும் கன்ட்ரோலர் கட்டாயம் நடுவில் இருக்க வேண்டும். அதைப் பாட்டரி தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு, சார்ஜ் செய்யும் துவாரத்தில்தான் இணைக்க வேண்டும். லித்தியம் பாட்டரி கோபித்துக்கொண்டால் தீப்பிடிக்கும், விளையாட்டல்ல. பாட்டரியை வெயிலிலும் வைக்கக்கூடாது. வெயில் பேனலுக்கு, நிழல் பாட்டரிக்கு!

சொந்த மொட்டைமாடி உள்ளவர்களுக்கு இன்னும் சௌகரியம். ஒரு கிலோவாட் பேனல் நம் பக்கத்தில் நல்ல நாளில் சுமார் நான்கு யூனிட் தரும். அக்காவின் வண்டியைப் பதினோரு முறை நிரப்பலாம். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய ‘பிரதமர் சூர்ய கர்’ திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் வகுத்தார்கள். வடாம் காய்கிற இடத்தில் கொஞ்சம் மின்சாரமும் காயட்டுமே!

சென்ற வாரம் அக்கா போன் செய்தாள். ஏழாம் வகுப்புப் பெண்கள் தினமும் முறை வைத்துக்கொண்டு, பேனல்மேல் விழும் சருகுகளைத் தள்ளி விடுகிறார்களாம். அவர்களில் ஒருத்தி, “பெரியவளானதும் நானும் இப்படிச் சைக்கிளில்தான் வேலைக்குப் போவேன், டீச்சர்” என்றாளாம்.

“வண்டியை விற்கிற பேச்சு என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“யாருடா விற்கிறது? நேற்று நெல்லித்தோப்பில் நிறுத்தி இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, வீடு வரை ஏறி உட்கார்ந்தே வந்தேன்!” என்றாள் அக்கா.