நம் கிடங்கின் கணக்கு நம்மிடமே இருக்கட்டும்



1690 முதல் 1698 வரை மொகலாயப் படை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த வரலாறு நம் அனைவருக்கும் தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் இதே கோட்டைதான். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் பெரிய களஞ்சியங்களைக் கண்டிருப்பார்கள். கட்டியவர்கள் தானியத்தை மதிலுக்கு உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். இந்தச் சிறு விஷயத்தை மறந்ததால் எங்கள் கிடங்கில் ஏற்பட்ட நஷ்டத்தையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் சக வணிகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் மளிகை மொத்த வியாபாரக் கிடங்கில் ஒரு சிறிய குளிரறை உண்டு. வெண்ணெய், பன்னீர், பேரீச்சை, உலர் திராட்சை ஆகியவை அதில் இருக்கும். அறையைப் பொருத்தித் தந்தவர்கள், "உள்ளே எத்தனை டிகிரி என்பதைச் செல்போனிலேயே பார்க்கலாம்" என்றார்கள். பார்த்தோம், மகிழ்ந்தோம். ஆனால் அந்தக் கணக்கு எங்கள் கிடங்கிலிருந்து எங்கோ உள்ள அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து எங்கள் செல்போனுக்கு வருகிறது என்பதை நாங்கள் கேட்டறியவில்லை.

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை இரவு ஒரு பேஸ் போய், கம்ப்ரசர் நின்றுவிட்டது. ஞாயிறு விடுமுறை. செல்போனில் "4 டிகிரி" என்றே தெரிந்தது. திங்கள் காலை கதவைத் திறந்தால் வெண்ணெய் உருகி ஓடியிருந்தது, பன்னீர் புளித்துவிட்டது. விசாரித்ததில், அந்தச் சேவை சில நாட்களுக்கு முன்பே நின்றுபோயிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது கடைசியாக வந்த பழைய எண் என்று தெரிந்தது. 18,000 ரூபாய் நஷ்டம். சரக்கை எதிர்பார்த்திருந்த டீக்கடைக்காரர்களுக்கும் ஓட்டல்காரர்களுக்கும் பதில் சொல்ல நேர்ந்தது அதைவிட வேதனை.

இது நமக்கு மட்டும் நேர்வதல்ல. அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற நிறுவனம் வீட்டு விளக்கு, சுவிட்சுகளை இயக்கும் கருவிகளை விற்றுவந்தது. 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி அதன் மையக் கம்ப்யூட்டர்கள் நின்றன. காசு கொடுத்து வாங்கியவர்களின் செல்போனில் ஒன்றும் இயங்கவில்லை. ஆனால் தம் வீட்டிலேயே ஒரு சிறு கம்ப்யூட்டரில் இலவச மென்பொருள் வைத்து அதே கருவிகளை இயக்கியவர்களுக்குப் பாதிப்பில்லை. பிறகு ஜூன் மாதம் வாடிக்கையாளர் சிலரே கூடி அந்நிறுவனத்தை வாங்கி மீண்டும் நடத்தினார்கள்.

எனவே நாங்களும் கண்காணிப்பை எங்கள் கிடங்குக்குள்ளேயே வைப்பதென முடிவு செய்தோம். நம் ஊரில் டிப்ளமோ படித்த இளைஞர் ஒருவர் உதவினார். அவரிடம் கேட்டு அறிந்ததை எளிமையாகச் சொல்கிறோம்.

குளிரறை, ஏ.சி., ஜெனரேட்டர் ஆகியவற்றின் கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசப் பொதுவான மொழிகள் உண்டு. 1979-ல் வந்த மாட்பஸ் ஒன்று. சிறு இயந்திரங்களில் பெரும்பாலும் இதுதான். பெரிய கட்டிடங்களுக்கு பேக்நெட் உண்டு. இது 1995-ல் அமெரிக்கக் குளிர்பதனப் பொறியாளர் சங்கத்தால் தரநிலையாக வெளியிடப்பட்டு, 2003-ல் உலகத் தரமும் ஆயிற்று. பேக்நெட்டில் ஒரு கருவி "யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்கும், மற்றவை "நான் இருக்கிறேன்" என்று தத்தம் எண்ணைச் சொல்லும். சந்தையில் ஆள் கணக்கு எடுப்பது போலத்தான்.

எங்கள் கன்ட்ரோலர் மாட்பஸ் பேசுவது. அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து, ஒரு சிறு மாற்றி மூலம், பில் போட்டுவந்த பழைய கம்ப்யூட்டரில் இணைத்தார். அதில் லினக்ஸும், ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளும் ஏற்றினார். இரண்டும் இலவசமாகவே கிடைப்பவை. நிமிடத்துக்கு ஒரு முறை டிகிரியும், கம்ப்ரசர் ஓடுகிறதா என்பதும், கதவு திறந்திருக்கிறதா என்பதும் நாள்வழிக் குறிப்பேடு போலப் பதிவாகின்றன. வயர், மாற்றி, யு.பி.எஸ்., கூலி எல்லாம் சேர்ந்து எங்களுக்கு ஆன செலவு சுமார் 9,000 ரூபாய்.

முதல் வாரம் ஒரே இரவில் பதினொரு முறை மணி அடித்தது. குளிரறை தன் மேல் படிந்த பனியைக் கரைக்கும் நேரத்தில் சூடு சற்று ஏறும். அதையும் ஆபத்து என்று எண்ணிவிட்டது. தொல்லை தாளாமல் நிறுத்திவிடலாம் என்றே நினைத்தோம். பிறகு, அரை மணி நேரம் தொடர்ந்து சூடு குறையாவிட்டால் மட்டும் அடிக்கும்படி மாற்றினார். இப்போது அடித்தால் காரணம் இருக்கும்.

செய்ய விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. எண் வராமல் நின்றாலும் மணி அடிக்க வேண்டும். எங்களை ஏமாற்றியது தவறான எண் அல்ல, மாறாத எண். பத்து நிமிடம் புதிய எண் வராவிட்டால் தகவல் வரும்படி வைத்திருக்கிறோம்.

2. கம்ப்யூட்டரே நின்றுபோனால் யார் சொல்வது? எங்கள் வீட்டிலுள்ள மற்றொரு சிறு கம்ப்யூட்டர் கிடங்குக் கம்ப்யூட்டரை அவ்வப்போது விசாரித்துக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் வீட்டில் மணி அடிக்கும். கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட் பெட்டிக்கும் யு.பி.எஸ். அவசியம்.

3. பில் போடும் கம்ப்யூட்டரையும் இதையும் ஒரே இணைப்பில் வைக்காதீர்கள். 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் என்ற கடைத்தொடரில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு எண்கள் திருடப்பட்டன. திருடர்கள் நுழைந்தது குளிர்சாதன ஒப்பந்ததாரருக்குத் தந்திருந்த கடவுச்சொல்லைக் கொண்டு. மேலும் மாட்பஸுக்குக் கடவுச்சொல் என்பதே கிடையாது. வயரைப் பிடித்தவர் எவரும் கட்டளை இடலாம். எனவே இன்டர்நெட்டுக்கு நேராக வாசலைத் திறந்துவைக்கக் கூடாது. எங்கள் கம்ப்யூட்டர் எண்ணைப் படிக்க மட்டுமே செய்யும், எதையும் மாற்றாது.

4. புதிதாகக் குளிரறை வாங்கும்போது, "கன்ட்ரோலர் மாட்பஸ் அல்லது பேக்நெட் பேசுமா? எந்த எண் எந்த இடத்தில் உள்ளது என்ற ரிஜிஸ்டர் பட்டியலை எழுத்தில் தருவீர்களா?" என்று கேட்டு, முன்பணம் தருமுன் வாங்கிவிடுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடைச் சீட்டு வாங்காமல் நாம் வருவதில்லை அல்லவா?

ஒரே ஒரு ஃபிரிட்ஜ் உள்ள சில்லறைக் கடைக்கு இத்தனையும் தேவையில்லை. ஒரு தெர்மாமீட்டரும், காலை மாலை எழுதிவைக்க ஒரு நோட்டும் போதும். குளிரறை உள்ளவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, விவரம் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவருக்கு மாதக் கூலி தந்து பராமரிக்கச் செய்யலாம். நம்மிடம் வைத்துக்கொண்டால் நாம்தான் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். மென்பொருளைப் புதுப்பிப்பதும், பதிவை மாதம் ஒரு முறை தனியே நகல் எடுத்துவைப்பதும் நம் வேலையே.

இந்த ஐப்பசியில் ஒரு நள்ளிரவு மீண்டும் பேஸ் போயிற்று. மணி அடித்தது. இருபது நிமிடத்தில் கிடங்குக்குப் போய் ஜெனரேட்டரைப் போட்டோம். ஒரு பெட்டி வெண்ணெயும் கெடவில்லை.

பேரேட்டை அடுத்தவர் வீட்டில் வைத்துவிட்டு வியாபாரம் செய்பவர் நம்மில் யாரும் இல்லை. கிடங்கின் கணக்கும் பேரேடுதான். சிந்திப்போம், செயல்படுவோம்.