ஸ்டியரிங்கின் முனகல்

கோவையினின்றும் பாலக்காடு நோக்கி வாளையாற்றைக் கடக்கும் பழைய கார்களுள் சில, ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் முனகுவதுண்டு. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று நம் அன்பர்கள் வாளாவிருத்தல் தகாது. விடுமுறையில் குடும்பத்துடன் போடிமெட்டு வழியே மலையேறுகையில் எண்ணெய்ப் பம்ப் ஓய்ந்துவிடின், சக்கரம் பெருங்கனமாகி, வளைவில் கைக்கு இணங்காது.

எண்ணெயின் அழுத்தத்தால் ஸ்டியரிங்குக்குத் துணைபுரியும் இம்முறை, 1951ஆம் ஆண்டில் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது. இன்றைய புதுக் கார்கள் பலவற்றில் மின்மோட்டாரே அப்பணியை ஆற்றுகின்றது.

ஒலியே நோயை உரைக்கும். வண்டியைக் கிளப்பும்போதோ திருப்பும்போதோ கீச்சென்று கத்தினால், பெல்ட் தளர்ந்தோ தேய்ந்தோ இருக்கலாம். எஞ்சின் வேகத்தோடு முனகலும் உயர்ந்தால், எண்ணெய் குறைந்து காற்றுப் புகுந்திருக்கலாம். எண்ணெயில் நுரை தோன்றின் ஐயமில்லை. சக்கரத்தைக் கடைசிவரை திருப்புகையில் எழும் சிற்றொலி இயல்பே. ஆயினும் அந்நிலையில் நெடுநேரம் பிடித்தல் பம்புக்குக் கேடு.

முதலில், வண்டியின் கையேடு குறிக்கும் எண்ணெயையே அளவுக்கு ஊற்றுக. பின்னர், முன் சக்கரங்களை உயர்த்தித் தாங்கல் கொடுத்து, எஞ்சினை நிறுத்திய நிலையில், ஸ்டியரிங்கை இரு கோடிகளுக்கும் பலமுறை மெல்லத் திருப்பின் காற்று வெளியேறும். இடையிடையே எண்ணெய் மட்டத்தை நோக்குக.

மட்டம் மீண்டும் தாழ்ந்தால் எங்கோ கசிவுண்டு. அதனை அடைக்காமல் எண்ணெய் ஊற்றுதல், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புதலே ஆகும்.