அட்லாண்டிக் கரையோரம் – 5: மிளகுக் காசில் எழுந்த மடம்

போன வாரம் லிஸ்பனின் அல்ஃபாமா சந்துகளில் ஏறி இறங்கினோம். இந்த வாரம் நகரத்தின் மேற்குக் கோடிக்குப் போவோம். ஆற்றங்கரைச் சதுக்கத்தில் 15-ஆம் எண் டிராமில் ஏறினால் அரை மணி நேரத்தில் பெலேம் வந்துவிடும். தேஜோ ஆறு கடலைப் பார்த்து அகலும் இடம். 1497 ஜூலை 8 அன்று வாஸ்கோடகாமா இங்கிருந்துதான் பாய் விரித்தார். மறு ஆண்டு மே மாதம் கோழிக்கோட்டுக் கரையில் வந்து நின்றார்.

லிஸ்பனுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெலேமுக்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். மடத்து வாசலில் ஒரு படம், கோபுரத்தின் முன்னால் ஒரு படம், ஒரு இனிப்பு, திரும்பவும் டிராம். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் அப்படி ஓடி வந்துவிடக் கூடாது. இங்கே அடுக்கியிருக்கும் கல்லில் நம் கரைகளின் கணக்கு கலந்திருக்கிறது.

ஜெரோனிமோஸ் மடத்தின் வேலை 1501-இல் தொடங்கியது. கட்டச் சொன்னவர் மன்னர் முதலாம் மானுவேல். ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு நாடுகளிலிருந்தும் வந்த சரக்கில் இருபதில் ஒரு பங்கை வரியாக எடுத்து, அந்தப் பணத்தை இதற்குத் திருப்பிவிட்டார். அந்த வரிக்குப் பெயரே ‘மிளகின் இருபதில் ஒன்று’. மலபார் கொடிகளில் காய்த்த மிளகு, இங்கே சுண்ணாம்புக் கல்லாக உயர்ந்து நிற்கிறது.

தேவாலயத்துக்குள் மெல்லிய தூண்கள் நெடுநெடுவென்று ஏறி, உச்சியில் மட்டை விரித்த பனைகளைப் போல விதானத்தைத் தாங்குகின்றன. ஆனால் நான் அதிக நேரம் இருந்தது உள்முற்றத்தில். இரண்டு அடுக்குத் தாழ்வாரம் நான்கு பக்கமும் சுற்றி வருகிறது. ஒரு தூணின் அருகே போய் முகத்தை ஒட்டிப் பாருங்கள். கப்பல் கயிறு முறுக்குப் பிசகாமல் கல்லில் சுற்றிக்கொண்டு போகும். ஓரிடத்தில் முடிச்சு விழும். அடுத்த தூணில் அதே வேலைப்பாடு இல்லை. அதில் இலை, கொடி, விசித்திரமான ஒரு விலங்கு. மாலை வெயில் பட்டால் வெளிர் கல் தேன் நிறமாகிறது.

தேவாலய வாசலை ஒட்டி இரண்டு கல்லறைகள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்று வாஸ்கோடகாமாவுடையது. மற்றது, அவருடைய பயணத்தைக் காவியமாகப் பாடிய கவிஞர் கமோயிஷுக்கானது. காமா 1524-இல் கொச்சியில் இறந்தவர். கோட்டைக் கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குப் போனவர்கள், அவரை முதலில் புதைத்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1539-இல் எலும்புகள் போர்ச்சுகலுக்குப் போயின. இந்த மடத்துக்கு வந்தது 1880-இல். கல்லில் கைகூப்பிப் படுத்திருக்கிறார். எனக்கு அங்கே கைகூப்பத் தோன்றவில்லை. 1502-இல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலை, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்கவே எரிக்கச் சொன்னவர் இவர்தான். கல்லின் அழகை ரசிப்பவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ரசிக்க வேண்டும்.

ஆற்றோரமாக நடந்தால் 56 மீட்டர் உயரக் கண்டுபிடிப்புகளின் நினைவுச் சின்னம். 1960-இல் எழுப்பியது. அதைக் கடந்து பெலேம் கோபுரத்துக்குப் போங்கள். அங்கே தேட வேண்டிய ஒன்று இருக்கிறது. மேற்குப் பக்கத்துக் காவல் கூண்டு ஒன்றின் அடியில் ஒரு காண்டாமிருகத் தலை. உப்புக் காற்றில் தேய்ந்து, கொம்பும் மழுங்கி, சட்டென்று கண்ணில் படாது. 1515-இல் குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கப்பலேறி லிஸ்பன் வந்தது. ஊரே திரண்டு பார்த்தது. பிறகு மன்னர் அதைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார். இத்தாலிக் கரையருகே கப்பல் உடைந்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்த அந்த உயிர் மூழ்கிச் செத்தது. அதை நேரில் பார்க்காமலே ஜெர்மானிய ஓவியர் டியூரர் வரைந்த படம் உலகப் புகழ் பெற்றது.

பசித்தால் மடத்துக்கு அருகிலேயே 1837 முதல் நடக்கும் பழைய கடை இருக்கிறது. முட்டை மஞ்சள் கருவும் பாலும் சேர்ந்த பாகு, மேலே கருகிய புள்ளிகள், கடித்தால் நொறுங்கும் ஓடு. சூடாகச் சாப்பிட வேண்டும். மேலே தூவிக்கொள்ள இலவங்கப்பட்டைத் தூள் தருவார்கள். அந்தப் பட்டைக்காகத்தான் போர்ச்சுகீசியர் இலங்கையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சண்டையிட்டார்கள்.

மடத்தில் காவலர் ஒருவர் மேலே கைகாட்டி ஏதோ விளக்கினார். மொழி தெரியாத எனக்கு ஒரே ஒரு சொல் புரிந்தது: ‘ஜனேலா’. நம் ஜன்னல்தான். சாவி, மேசை, அலமாரி எல்லாம் அவர்கள் வாயிலிருந்து நம் வீட்டுக்குள் வந்த சொற்களே. அவர்கள் இங்கிருந்து மிளகை ஏற்றிக்கொண்டு போனார்கள். சொற்களை இறக்கிவிட்டுப் போனார்கள்.

தமிழும் அந்தக் கப்பல்களில் போயிருக்கிறது. மடத்தின் நீண்ட மேற்குச் சிறகில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் சேகரிப்பில் உள்ள சிறிய நூல் ‘கார்ட்டிலா’. 1554-இல் லிஸ்பனில் அச்சிட்ட கிறிஸ்தவ மறை நூல். தமிழை ரோமன் எழுத்தில் கோத்து, போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்போடு அச்சிட்டிருக்கிறார்கள். அச்சேறிய முதல் தமிழ் நூல் இதுதான். தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானது அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1578-இல். லிஸ்பன் நூலைத் தமிழ் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் தனிநாயகம் அடிகள்.

அதை உருவாக்க உழைத்தவர்கள் நம் நாட்டிலிருந்து போன மூவர்: விசென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா த குரூஸ். ஞானஸ்நானப் பெயர்கள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. பெற்றோர் வைத்து அழைத்த பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை மடத்துக்கு விடுமுறை. வேறு நாளில் போங்கள். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் அந்த மேற்குச் சிறகின் முன்னால் இரண்டு நிமிடம் நின்று, அந்த மூன்று பேரையும் நினைத்துவிட்டு வாருங்கள்.

(தொடரும்)