வால்பேப்பரில் எழுத்தும் லோகோவும்: இடம் மாற்றலாம், பெயரை அழிக்கலாமா?



கொல்லிமலைக்குச் சுற்றுலா போய் வந்த எங்கள் மதரஸா மாணவர்கள், அதன் ஞாபகமாக அலுவலக அறைக் கணினிக்கு ஒரு வால்பேப்பர் தயாரித்தார்கள். அவர்கள் எடுத்த படங்களில் எல்லாம் அவர்கள் முகமே நிறைந்திருந்தது. ஆகவே இணையத்திலிருந்து ஆகாய கங்கை அருவியின் நல்ல படம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். இடது மேல்மூலையில் அரபியில் பிஸ்மில்லாஹ், நடுவில் 'கொல்லிமலை' என்ற பெயர், வலது கீழ்மூலையில் மதரஸாவின் லோகோ. படம் எடுத்தவரின் பெயர் இடது கீழ்மூலையில் சிறிய எழுத்தில் ஏற்கெனவே இருந்தது.

கணினியில் வைத்ததும் எல்லோர் முகமும் மாறியது. பிஸ்மில்லாஹ்வின் மேல் ரீசைக்கிள் பின், அதாவது குப்பைத்தொட்டி ஐகான், உட்கார்ந்திருந்தது. லோகோவின் பாதியை டாஸ்க்பார் மறைத்துவிட்டது. படம் எடுத்தவரின் பெயர் முழுவதுமாக மறைந்துபோனது. ஒரு மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், அந்தப் பெயர்தான் எப்படியும் தெரியவில்லையே, அழித்துவிடலாமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன், வேலையைச் சரியாகச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அளவு

செல்போனில் எடுக்கும் படம் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் இருக்கும்; உதாரணமாக 4000×3000 பிக்ஸல். கணினித் திரையோ பெரும்பாலும் 16:9. திரையை நிரப்பும்படி அந்தப் படத்தை வைத்தால் மேலும் கீழும் 375 பிக்ஸல் வீதம் வெட்டுப்படும். ஓரத்தில் எழுதியது அதோடு போய்விடும். எனவே படத்தை முதலில் 16:9 விகிதத்தில் வெட்டி, 1920×1080 அளவுக்குக் கொண்டுவந்த பிறகே எழுத்தை வையுங்கள்.

விண்டோஸில் ஐகான்கள் இடது பக்கத்திலிருந்து அடுக்கப்படுகின்றன. டாஸ்க்பார் கீழே இருக்கிறது. ஆகவே இடது பக்கம் 300 பிக்ஸலும் கீழே 100 பிக்ஸலும் காலியாக விட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. கண்ணியப்படுத்த வேண்டிய எழுத்துக்கு வலது மேல்பகுதி நல்ல இடம்.

அதே படத்தை செல்போனிலும் வைக்க நினைத்தால் தனியாகச் செய்யுங்கள். 1920×1080 படத்தை 1080×2400 திரையில் நிரப்பினால் அகலத்தில் ஏறக்குறைய கால்வாசிதான் தெரியும்.

லேயர் இருந்தால் எளிது

ஃபோட்டோஷாப்பின் திருட்டுப் பிரதியைத் தேட வேண்டியதில்லை. கிம்ப் என்ற மென்பொருள் இலவசமாகவே, முறைப்படியே கிடைக்கிறது. 1996 முதல் வெளிவரும் அதில் இந்த வேலைக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன.

படம், எழுத்து, லோகோ ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடித் தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதே லேயர். மாணவர்கள் லேயருடன் கூடிய ஃபைலைச் சேமித்து வைத்திருந்தால், லேயர் பட்டியலில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, 'எம்' விசையை அழுத்தி, மூவ் டூலால் இழுத்தால் போதும். அம்புக்குறி விசைகளால் சிறிது சிறிதாகவும் நகர்த்தலாம்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் ஒருமுறை ஏமாறுவார்கள். எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் கிளிக் செய்தால், எழுத்துக்குப் பதில் பின்னாலுள்ள அருவியே நகரும். மூவ் டூலின் அமைப்பில், தேர்ந்தெடுத்த லேயரை மட்டும் நகர்த்தும் தெரிவை வைத்துக்கொண்டால் இது நடக்காது.

லேயர் இல்லாவிட்டால்

எங்கள் மாணவர்களிடம் இருந்தது ஜேபெக் ஃபைல் மட்டும்தான். அதில் எழுத்து, சுவரில் அடித்த பெயின்ட்போலப் படத்தோடு கலந்துவிட்டது. பழைய எழுத்தை மூடி, புதிய இடத்தில் மறுபடி எழுத வேண்டும்.

மூடுவதற்கு ஹீல் டூல். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சுத்தமான இடத்தில் கிளிக் செய்து மாதிரி எடுத்து, எழுத்தின் மேல் தேய்க்க வேண்டும். மலைப் படத்தில் வானம் கீழே வர வர வெளிறும். எனவே எழுத்து இருக்கும் அதே உயரத்தில், பக்கவாட்டில் மாதிரி எடுங்கள். இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். மரங்களும் பாறையும் உள்ள இடத்தில் குளோன் டூல் நன்றாக வேலை செய்யும். ஒரே இடத்தை மறுபடி மறுபடி நகலெடுத்தால் ஒரே மரம் பத்து இடத்தில் முளைக்கும், கவனம்.

லோகோவை படத்திலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள். பின்னணி வெளிப்படையாக உள்ள அசல் பிஎன்ஜி ஃபைலை வாங்கிப் புதிதாக வையுங்கள்.

எழுத்து உடைகிறதா பாருங்கள்

மறுபடி எழுதும்போது வரும் ஆபத்து இது. 'கொ' என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னாலும், கால் பின்னாலும் வர வேண்டும். இந்திய மொழிகளைக் கையாளத் தெரியாத பழைய மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 'கொல்லிமலை' என்று எழுதிப் பார்ப்பதே நல்ல சோதனை.

அரபியில் இது இன்னும் கடுமை. அரபி எழுத்துகள் வலமிருந்து இடமாக, ஒன்றோடொன்று சேர்ந்து வரும். மென்பொருள் சரியில்லாவிட்டால் பே, ஸீன், மீம் தனித்தனியாக உடைந்து, இடமிருந்து வலமாகத் தலைகீழாக நிற்கும். அரபி தெரியாதவருக்கு அது அழகான அரபியாகவே தோன்றும். வாட்ஸப்பில் பரவியும் விடும். ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எந்த அரபி வாசகத்தையும் வெளியே அனுப்பாதீர்கள்.

முடிந்ததும் லேயருடன் எக்ஸ்சிஎஃப் ஃபைலாக ஒன்று, பிஎன்ஜி ஆக ஒன்று சேமியுங்கள். ஜேபெக்கில் எழுத்தின் ஓரம் மங்கும். வாட்ஸப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பினால் தெளிவு குறையாது.

இனி அந்தக் கேள்வி

எழுத்தை மூடத் தெரிந்த கை, பெயரையும் மூடிவிடும். கருவிக்கு வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும். மதரஸாவின் லோகோ நம்முடையது, எங்கும் நகர்த்தலாம். படம் எடுத்தவரின் பெயர் அவருடைய ஹக்கு, நம்மிடம் வந்த அமானிதம்.

நாட்டின் சட்டமும் இதைச் சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, படைப்பைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 65பி பிரிவின்படி, படைத்தவரின் பெயர் போன்ற உரிமைத் தகவலை அனுமதியின்றி, தெரிந்தே நீக்குவது இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தரப்படும் படங்களுக்கும் பொதுவாகப் பெயர் குறிப்பிடுவது நிபந்தனை. மாற்றம் செய்தால் அதையும் சொல்ல வேண்டும். சில உரிமங்கள், மாற்றிய படத்தைப் பரப்பவே அனுமதிப்பதில்லை. எனவே உரிமத்தை முதலில் படியுங்கள்.

எங்கள் மாணவர்கள் படம் கிடைத்த பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். பெயர் சொல்லி, மாற்றம் செய்து பயன்படுத்த அனுமதி இருந்தது. பிஸ்மில்லாஹ் வலது மேல்பகுதிக்கு வந்தது. லோகோ டாஸ்க்பாருக்கு மேலே ஏறியது. படம் எடுத்தவரின் பெயர் அதன் பக்கத்திலேயே, படிக்கும் அளவில் இடம் பிடித்தது.

அழித்துவிடலாமா என்று கேட்ட மாணவர்தான் அந்தப் பெயரை மறுபடி எழுதினார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்க்கவும் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.